பைக் ஐடி மாறிக்கிட்டே இருந்த பிரச்சினை தீர்ந்த கதை

ஜங்ஷன் கேமரா வீடியோல பைக்க டிராக் பண்ற வேலை, தூரத்துல வர்ற ஒரே பைக்குக்கு ஐடி 14, அப்புறம் 31, அப்புறம் 52னு மாறிக்கிட்டே இருந்துச்சு. ரெண்டு நாள் பைட்டிராக் (ஃபிரேமுக்கு ஃபிரேம் ஒரே வண்டிய அடையாளம் வச்சு ஐடி நம்பர் குடுக்குற டிராக்கர்) செட்டிங்கயே நோண்டுனேன். கடைசில ஃபிரேம் ஃபிரேமா நிறுத்திப் பெருசாக்கிப் பாத்தா, பைக் இருக்க வேண்டிய எடத்துல ரோடு கலர்ல கட்டம் கட்டமா ஏதோ இருக்கு, ஹெல்மெட் மட்டும் லேசா தெரியுது. ரெக்கார்டிங் ஸ்கிரிப்ட்ல இடம் மிச்சம் பண்ண சிஆர்எஃப் 36 போட்டு மறுபடி என்கோட் பண்ணிருக்கோம் (இந்த நம்பர் ஏற ஏற ஃபைல் சின்னதாகும், படம் மோசமாகும்; எக்ஸ்264 என்கோடர்ல டீஃபால்ட்டே 23தான்), கீஃபிரேமும் (பழைய ஃபிரேம நம்பாம முழுப் படமா சேமிக்கிற ஃபிரேம்) 250 ஃபிரேமுக்கு ஒண்ணு, அதாவது 25 எஃப்பிஎஸ்ல 10 செகண்டுக்கு ஒருதடவ. சின்னதா மங்கலா நகர்றத என்கோடர் பழைய ஃபிரேம்லேர்ந்தே எடுத்து ஒட்டிடுது. ரீ-என்கோடிங்க தூக்கிட்டு ஸ்ட்ரீம அப்படியே காப்பி பண்ண விட்டேன், கேமராலயும் ஐ-ஃபிரேம் (கீஃபிரேம்தான்) இடைவெளிய 25 ஃபிரேம் ஆக்குனேன். இப்ப தூரத்து பைக் ஸ்டாப் லைன் வரைக்கும் ஒரே ஐடிலயே வருது. டிஸ்க்தான் சீக்கிரம் நிறையுது, பரவால்ல.