‘உங்களைப் பற்றிச் சொல்லுங்க’: சுய அறிமுகத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வளாக நேர்காணலில் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: “உங்களைப் பற்றிச் சொல்லுங்க.” எளிதான கேள்வி என்று நினைத்துப் பலர் இதற்குத் தயாராவதே இல்லை. தயாராகிறவர்களோ, சீனியர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய மாதிரியை மனப்பாடம் செய்துகொண்டு போகிறார்கள். இரண்டு வகையினரும் கடைசியில் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள். பெயர், ஊர், அப்பா என்ன வேலை, பத்தாவதில் எவ்வளவு, பன்னிரண்டாவதில் எவ்வளவு, கல்லூரி, பொழுதுபோக்கு, பிறகு “ஐ ஆம் எ ஹார்ட் ஒர்க்கர், க்விக் லேர்னர், தட்ஸ் ஆல் சார்.” அரை நிமிடத்தில் முடிந்துவிடும். எதிரே இருப்பவர் கையில் உங்கள் ரெஸ்யூமே இருக்கிறது. அதில் இல்லாத எதுவும் அவருக்குக் கிடைக்கவில்லை. காலையிலிருந்து வந்தவர்களும் ஏறக்குறைய இதையேதான் சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள்.

அவர் தெரிந்துகொள்ள நினைப்பது வேறு. வேலையில் ஒரு சிக்கல் வந்தால் இந்தப் பிள்ளை என்ன செய்யும்? அதற்குப் பதில் தருவது நீங்கள் ஏற்கெனவே ஒரு சிக்கலில் எடுத்த முடிவுதான். சுய அறிமுகத்தின் நடுவில் அப்படி ஒரு முடிவு இருக்க வேண்டும். இங்கே சொல்லப்போகும் தவறுகளில் பெரும்பாலானவை, இருக்கிற முடிவை நாமே மறைத்துவிடுகிற தவறுகள்.

பிறந்த ஊரிலிருந்து தொடங்குவது

நல்ல சுய அறிமுகம் 60 முதல் 90 விநாடி வரை போகும். நிதானமாக ஆங்கிலம் பேசினால் நிமிடத்துக்கு 120 முதல் 140 சொற்கள் வரும். ஆக மொத்தம் 200 சொற்களுக்குள் அடங்கிவிட வேண்டும். தமிழில் வேற்றுமை உருபும் விகுதியும் ஒட்டிச் சொற்கள் நீள்வதால் எண்ணிக்கை இன்னும் குறையும். இந்தச் சிறிய இடத்தில் ஊரும் குடும்பமும் 20 விநாடியை எடுத்துக்கொண்டால், சம்பவத்தைச் சொல்ல நேரம் இருக்காது.

குடும்பத்தைப் பற்றிப் பேசவே கூடாது என்பதில்லை. அப்பாவின் பம்ப்செட்டைப் பள்ளி நாளிலேயே கழற்றி மாட்டியவர் மோட்டார் தயாரிக்கும் நிறுவனத்துக்குப் போகிறார் என்றால், அப்பா விவசாயி என்பது கதைக்குத் தேவையான செய்தி. அப்படித் தொடர்பு இல்லாதபோது கேட்டால் சொல்லலாம்.

தொடக்கம் இன்றைய நிலையிலிருந்து வரட்டும்: என்ன படிக்கிறீர்கள், அதில் எந்தப் பகுதியில் கை பழகியிருக்கிறது. இதற்கு 10 முதல் 15 விநாடி. அடுத்து ஒரே ஒரு சம்பவம், 45 முதல் 55 விநாடி. கடைசியாக, அந்தச் சம்பவத்திலிருந்து இந்த வேலைக்கு வந்த காரணம், 15 விநாடி. சம்பவம் ஒன்றுதான் என்பதில் பிடிவாதமாக இருங்கள். இரண்டு சொன்னால் இரண்டும் தலைப்புகளாகச் சுருங்கிவிடும்.

சம்பவம் இல்லாத கதை

ஜவுளித் தொழில்நுட்பம் படிக்கும் ஒரு மாணவரின் அறிமுகம் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

“ஒரு ஸ்பின்னிங் மில்லில் இன்பிளான்ட் டிரெயினிங் செய்தேன். நூல் அறுவதைக் குறைப்பது பற்றி டீமாக ஸ்டடி பண்ணினோம். நிறைய கற்றுக்கொண்டேன். டீம் ஒர்க், லீடர்ஷிப் எல்லாம் வளர்ந்தது.”

பொய் ஒன்றும் இல்லை. ஆனால் கேட்பவர் மனதில் எதுவும் நிற்காது. அதே மாணவர், அதே மில், இப்போது இப்படி:

“மில்லில் நூல் நூற்கும் ரிங் ஃபிரேமில் மதியத்துக்கு மேல் நூல் அடிக்கடி அறுந்தது. நாங்கள் நான்கு பேர். நூலை வழிநடத்தும் சிறு உலோக வளையமான டிராவலரை மாற்றிப் பார்க்கலாம் என்றார்கள் மற்றவர்கள். எந்த நேரத்தில் அறுகிறது என்று முதலில் குறித்துப் பார்ப்போம் என்றேன் நான். ஒரே ஃபிரேமில் மணிக்கு ஒரு தடவை அறுந்த இழைகளை எண்ணினேன், பக்கத்திலேயே காற்றின் ஈரப்பதத்தையும் எழுதினேன். ஆறு நாள் எழுதியதும், ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே இறங்குகிற நேரத்தில்தான் அறுதல் கூடுகிறது என்று தெரிந்தது. அந்தத் தாளை மெயின்டனன்ஸ் சூப்பர்வைசரிடம் காட்டினேன். காற்றை ஈரப்படுத்தும் ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட்டில், தண்ணீர் தெளிக்கும் சில நாசில்கள் அடைத்திருந்தன. சுத்தம் செய்த பிறகு மதியக் கணக்கு காலைக் கணக்குக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. உங்கள் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுக்கு விண்ணப்பித்ததற்குக் காரணம் அந்த ஆறு நாள்தான்.”

இந்த வடிவத்தில் ‘கடின உழைப்பாளி’, ‘பகுப்பாய்வுத் திறன்’ போன்ற அடைமொழி ஒன்றுகூட இல்லை. மணிக்கு ஒரு தடவை எண்ணி எழுதியவரிடம் அந்தக் குணங்கள் உண்டு என்று கேட்பவரே முடிவுசெய்துகொள்வார். அவராக வந்தடைந்த முடிவைத்தான் அவர் நம்புவார். “குறித்துப் பார்ப்போம் என்றேன் நான்” என்ற வரிதான் மொத்த அறிமுகத்தையும் தாங்குகிறது. அதை எடுத்துவிட்டால் மில்லில் நடந்த ஒரு நிகழ்வின் அறிக்கைதான் மிஞ்சும்.

சூழல், பொறுப்பு, செயல், விளைவு என்ற நான்கு படிகளை ‘ஸ்டார்’ முறை என்று பயிற்சி வகுப்புகளில் சொல்லிக்கொடுக்கிறார்கள். முறையில் குறையில்லை. பயன்படுத்தும்போது முக்கால்வாசி நேரத்தைச் சூழலை விவரிப்பதிலேயே கழித்துவிடுகிறார்கள். மில்லுக்கு எத்தனை பிரிவு, எப்போது ஆரம்பித்தது, யார் வழிகாட்டி என்று போய்க்கொண்டே இருக்கும். சூழலுக்கு இரண்டு வாக்கியம் போதும். ஹார்வர்டில் கற்பித்த மார்ஷல் கான்ஸ், மக்கள் முன் தன் கதையைச் சொல்வதற்கு வகுத்த முறையில் மூன்றே உறுப்புகள்: சவால், தேர்வு, விளைவு. நேர்காணலுக்கும் இது நன்றாகப் பொருந்துகிறது. நடுவில் இருக்கும் ‘தேர்வு’, நம்மில் பலர் விட்டுவிடுகிற பகுதி.

அடுத்த கேள்விக்குப் பதில் இல்லாத கதை

மேலே உள்ள அறிமுகத்தைக் கேட்டவர் அடுத்து என்ன கேட்பார்? “ஈரப்பதம் குறைந்தால் ஏன் நூல் அறுகிறது?” பருத்தி காய்ந்தால் இழையின் வலு குறையும், உராய்வில் நிலைமின்சாரம் ஏறி இழைகள் ஒன்றையொன்று விலக்கும் என்று சொல்லத் தெரிய வேண்டும். “என்ன கவுண்ட் (நூலின் பருமன்) ஓடியது?” “ஈரப்பதத்தை எதை வைத்து அளந்தீர்கள்?” “நாசில் அடைத்ததுதான் காரணம் என்று எப்படி உறுதியாகச் சொல்கிறீர்கள்?” சுய அறிமுகம் உண்மையில் அடுத்த பத்து நிமிடத்துக்கான கேள்விகளை நீங்களே எதிராளி கையில் கொடுப்பது. எந்தக் கேள்வி வர வேண்டும் என்று விரும்புகிறீர்களோ, அதற்கான விவரத்தைக் கதைக்குள் வையுங்கள்.

கதையைத் தேர்ந்தெடுக்கும்போதே ஒரு சோதனை செய்யலாம். நண்பரிடம் சொல்லி, “ஏன்?”, “எப்படி?”, “எவ்வளவு?” என்று மூன்று அடுக்கு கேட்கச் சொல்லுங்கள். இரண்டாவது அடுக்கிலேயே திணறினால் வேறு கதை தேடுங்கள், அது எவ்வளவு பகட்டாக இருந்தாலும் சரி. காசு கொடுத்து வாங்கிய புராஜெக்டைச் சொந்தக் கதையாகச் சொல்கிறவர்கள் மாட்டுவது இந்த இடத்தில்தான்.

‘நாங்கள்’ என்ற சொல்லும் இங்கே கவனிக்க வேண்டியது. தன்னை முன்னிறுத்துவது அடக்கமின்மை என்று வளர்ந்திருக்கிறோம். அதனால் தான் செய்ததையும் குழுவின் கணக்கில் எழுதிவிடுகிறோம். எல்லாமே ‘செய்தோம்’ என்று வந்தால், நீங்கள் பக்கத்தில் நின்று பார்த்தவரா என்ற சந்தேகம் வரும். குழு எத்தனை பேர், அதில் உங்கள் பங்கு எது என்று பிரித்துச் சொல்லுங்கள். மற்றவர் செய்ததை உங்களுடையதாக ஆக்காதவரை அதில் தற்பெருமை கிடையாது.

கஷ்டத்தை மட்டும் சொல்வது

குடும்பத்தின் முதல் பட்டதாரி, அப்பா இல்லை, கடன் வாங்கிப் படித்தேன் – இவை உண்மை, மரியாதைக்குரியவை. மறைக்கத் தேவையில்லை. ஆனால் கஷ்டத்தோடு கதை நின்றுவிட்டால், எதிரே இருப்பவருக்கு இரக்கம் வரும். இரக்கத்தை வைத்து அவரால் ஒருவரை வேலைக்கு எடுக்க முடியாது. அந்தக் கஷ்டத்தில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று கதை ஒரு அடி மேலே போக வேண்டும். “வீட்டுச் சூழ்நிலையால் பகுதிநேர வேலைக்குப் போனேன்” என்பதோடு நிறுத்தாதீர்கள். “மாலை 6 முதல் 10 வரை மெடிக்கல் ஷாப்பில் வேலை. காலாவதியாகப் போகிற மருந்துகளைத் தேதிவாரியாக முன் அடுக்குக்கு மாற்றி, மாதாமாதம் கம்பெனிக்குத் திருப்பி அனுப்பும் பட்டியலை நான்தான் போட்டேன்” என்று சொன்னால், கணக்கும் பொறுப்பும் தெரிந்த ஒருவர் கண்முன் வந்துவிடுகிறார்.

பேசும்போது இன்னும் தொண்டை அடைக்கிற இழப்பை இந்த 90 விநாடிக்குள் கொண்டுவராதீர்கள். அது உங்களுக்குச் செய்யும் கொடுமை. அதேபோல அண்ணனின் கடன், அம்மாவின் நோய் போன்றவை அவர்களுடைய கதைகள். அவர்களிடம் கேட்காமல் சொல்வது சரியல்ல.

அரியர் இருந்தால், ஒரு வருடம் இடைவெளி இருந்தால், அறிமுகத்தில் நீங்களாக விளக்கம் கொடுக்க வேண்டாம். கேட்டால் இரண்டு வாக்கியத்தில் முடியுங்கள்: “மூன்றாம் செமஸ்டரில் கணிதத்தில் அரியர் வைத்தேன். அடுத்த தடவை எழுதி முடித்துவிட்டேன்.” காரணங்களை அடுக்க அடுக்கத்தான் சந்தேகம் வளரும்.

வரிக்கு வரி மனப்பாடம்

எழுதி மனப்பாடம் செய்தால் ஒரு சொல் மறந்ததும் மொத்தமும் நின்றுவிடும். நடுவில் குறுக்குக் கேள்வி வந்தால் திரும்ப எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாது. முதல் வாக்கியத்தையும் கடைசி வாக்கியத்தையும் மட்டும் சொல் மாறாமல் பழகுங்கள். நடுவுக்கு நான்கைந்து குறிச்சொற்கள் போதும். மேலே உள்ள கதைக்கு: மதியம் – டிராவலர் – தாள் – நாசில். போனில் பதிவுசெய்து கேளுங்கள். எந்த இடத்தில் வேகம் கூடுகிறதோ அங்கே உங்களுக்கே நம்பிக்கை இல்லை என்று பொருள், அந்த வரியை மாற்றுங்கள். துறை தெரியாத ஒருவரிடமும் சொல்லிப் பாருங்கள். நடந்தது என்னவென்று அவரால் திரும்பச் சொல்ல முடிந்தால் கதை தயார்.

ஆங்கிலத்தில் தடுமாற்றம் இருந்தால் வாக்கியங்களைச் சிறிதாக வெட்டுங்கள். “மைசெல்ஃப்” என்று தொடங்காமல் “ஐ ஆம்” என்று தொடங்குங்கள். நாக்கில் புழங்காத பெரிய சொற்களைக் கடன் வாங்காதீர்கள்.

எல்லா இடத்துக்கும் ஒரே கதை

புது அலுவலகத்தில் முதல் நாள் எல்லோரும் வரிசையாகப் பேசும்போது 90 விநாடி ரொம்ப அதிகம், 20 விநாடி போதும். அங்கே சாதனை வேண்டாம். எந்த வேலைக்கு உங்களிடம் வரலாம் என்று தெரிந்தால் சக ஊழியர்களுக்கு உதவும். மேடைப் பேச்சுப் பழகும் டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றத்தில் முதல் உரையான ‘ஐஸ் பிரேக்கர்’ 4 முதல் 6 நிமிடம். நான்காவது நிமிடத்தில் பச்சை, ஐந்தில் மஞ்சள், ஆறில் சிவப்பு விளக்கு எரியும். நேரம் நிறைய இருக்கிறது என்று நம்பி எல்.கே.ஜி.யிலிருந்து தொடங்குகிறவர்கள் சிவப்பு எரியும்போது பிளஸ் டூவில்தான் நிற்பார்கள். அங்கும் இரண்டு சம்பவங்களுக்கு மேல் தாங்காது.

லிங்க்ட்இன் பக்கத்தில் ‘அபவுட்’ பகுதிக்கு 2,600 எழுத்துக்குறி வரை இடம் உண்டு. தமிழில் எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டியது, ஒருங்குறியில் (யூனிகோடில்) புள்ளிக்கும் கொம்புக்கும் காலுக்கும் தனித்தனிக் குறியீடு. ‘மில்’ என்ற சொல்லே நான்கு குறியீடு. ஆக, நினைப்பதைவிட இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும். பக்கத்தைத் திறப்பவருக்கு முதலில் சில வரிகள்தான் தெரியும், மீதியைப் பார்க்க அவர் தனியாகத் தட்ட வேண்டும். வணக்கமும் கல்லூரிப் பெயரும் கீழே போகட்டும். நூல் அறுந்த மதியமும் நீங்கள் எழுதிய தாளும் அந்த முதல் வரிகளுக்குள் வந்துவிட வேண்டும்.