சென்னையைச் சுற்றிக் காட்டுப்பாதையில் சைக்கிள்: குழந்தைகளோடும், தனியாகவும்

காட்டுப்பாதை என்றதும் கொடைக்கானல் சோலையை மனதில் வைத்துக்கொண்டு கிளம்பாதீர்கள். நம் ஊர்க் காடு முள்காடு. செம்மண், சரளை, பாறை, காரையும் சூரையும் மண்டிய புதர், ஓரமெல்லாம் சீமைக்கருவேலம். எந்த டயர் போடுவது, எத்தனை மணிக்குக் கிளம்புவது, குழந்தையை எந்தப் பாதையில் விடுவது, எல்லாவற்றையும் இங்கே முள்ளும் வெயிலும்தான் முடிவு செய்யும்.

முதலில் அனுமதி. நன்மங்கலம், வண்டலூர் எல்லாம் காப்புக்காடுகள், வனத்துறையிடம் அனுமதி வாங்காமல் உள்ளே போவது குற்றம். வேலி கிழிந்திருக்கிறது, ஆடு மேய்ப்பவர் போகிறார் என்பதற்காக நாமும் நுழைந்துவிடக் கூடாது. நன்மங்கலத்துப் பழைய கல்குவாரியில் கொம்பன் ஆந்தைகள் இருக்கின்றன, பாறைத் திட்டில் வெறுமனே முட்டையிடும் பறவை அது, பக்கத்தில் ஆள் நடமாடினால் கூட்டை விட்டுப் பறந்துவிடும். எனக்கு அந்த ஆந்தை முக்கியம். நாம் ஓட்ட வேண்டியது காட்டின் ஓரத்தில்: ஊரையும் ஊரையும் இணைக்கும் மண்பாதை, வண்டித்தடம், ஏரிக்கரை.

சின்னக் குழந்தைகள் இருந்தால் வண்டலூர் உயிரியல் பூங்காவில் தொடங்குங்கள். சுமார் 600 ஹெக்டேர், உள்ளேயே வாடகைக்குச் சைக்கிள் கிடைக்கும், செவ்வாய்க்கிழமை விடுமுறை. பாதை என்னவோ நல்ல சாலைதான், ஆனால் இரண்டு பக்கமும் மரம், வண்டித் தொல்லை குறைவு. அங்கே ஒரு மணி நேரம் சிணுங்காமல் ஓட்டுகிற குழந்தையை அடுத்து வேடந்தாங்கலுக்குக் கூட்டிப்போகலாம். சைக்கிளைக் காரில் ஏற்றிக்கொண்டு சென்னையிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர், அங்கிருந்து கரிக்கிலி பறவைகள் சரணாலயம் வரை கிராமத்துச் சாலை, வயல், ஏரி. ஜனவரியில் போனால் இரண்டு ஏரியிலும் பறவை நிறைந்திருக்கும்.

குழந்தைகளோடு போகும்போது யார் மெதுவாக ஓட்டுவாரோ அவர்தான் முன்னால், பெரியவர் ஒருவர் கடைசியில். அப்பா முன்னால் பறந்துவிட்டு அரை கிலோமீட்டர் தாண்டிக் காத்திருப்பது வேண்டாம், பின்னால் வருகிற பிள்ளை துரத்திப் பிடிக்கத்தான் வேகமாக வந்து விழும். ஏரிக்கரையில் தண்ணீர் இருக்கும் பக்கம் நீங்கள், மறுபக்கம் குழந்தை. ஹெல்மெட் புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடைவெளியில் உட்கார வேண்டும், பின்மண்டையில் தொங்கினால் நெற்றியைக் காப்பாற்றாது. வீட்டுக்குத் திரும்பும் தெம்பும் அதே கால்களில்தான் மிஞ்ச வேண்டும் என்பதால், குழந்தை "இன்னும் போகலாம்" என்று சொல்லும்போதே திருப்பிவிடுங்கள்.

சரி, மவுன்டன் பைக் வைத்திருப்பவர்களுக்கு. வண்டலூர்–கேளம்பாக்கம் சாலைக்குத் தெற்கே நல்லம்பாக்கம், குமிழி பக்கம் சரளையும் மேடுபள்ளமும் தாராளமாக இருக்கிறது, ஆனால் அங்கேயும் காப்புக்காட்டு எல்லை வரும், வனத்துறைப் பலகையைக் கண்டால் திரும்பிவிடுங்கள். கைவிடப்பட்ட குவாரிக் குட்டைகளுக்குப் பக்கத்தில் போகவே வேண்டாம். விளிம்பு சரியும், ஆழம் தெரியாது.

சரளை இறக்கத்தில் புதியவர்கள் செய்யும் தவறு, பயந்து முன் பிரேக்கை ஒரேயடியாகப் பிடிப்பது. சக்கரம் வழுக்கினால் அதற்குப் பிறகு செய்ய ஒன்றுமில்லை. இறக்கம் தொடங்கும் முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, சீட்டை விட்டு எழுந்து, பெடல் இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்க, முழங்காலையும் முழங்கையையும் தளர்வாக வைத்து, உடம்பைக் கொஞ்சம் பின்னால் தள்ளி, பிரேக்கை ஒரு விரலால் விட்டு விட்டுப் பிடியுங்கள். கண் சக்கரத்தின் மேல் வேண்டாம், பத்தடி தள்ளி இருக்கட்டும், கண் போகிற இடத்துக்குத்தான் சைக்கிள் போகும். மேடு தொடங்கும் முன்பே இலகுவான கியருக்கு மாற்றிவிடுங்கள், பாதி ஏற்றத்தில் மாற்றினால் செயின் முனகும், சில சமயம் கழன்றுவிடும்.

அப்புறம் டயர். டியூப் வைத்த இரண்டு அங்குலத்துக்கு மேற்பட்ட டயருக்கு 30-லிருந்து 35 பிஎஸ்ஐ காற்றழுத்தம் போதும், கல் மாதிரி காற்று அடித்தால் சரளையில் பிடிப்பே இருக்காது. வாரா வாரம் போவீர்கள் என்றால் டியூபே இல்லாத ட்யூப்லெஸ் டயருக்கு மாற்றி, சின்ன ஓட்டையைத் தானே அடைக்கும் சீலன்ட் திரவத்தை ஊற்றிவிடுங்கள், நம் ஊர் முள்ளுக்கு அதுதான் சரியான வழி. டியூப்தான் என்றால் உதிரி டியூப் இரண்டு, பம்ப், டயரை நெம்பிக் கழற்றும் டயர் லீவர் கட்டாயம். ஒருமுறை மகளோடு போனபோது பஞ்சரான டியூபை மாற்றிவிட்டு, டயரின் உள்பக்கத்தைத் துணியால் துடைத்துப் பார்க்காமல் காற்றடித்தேன். முள்ளின் முனை உள்ளேயே ஒடிந்து நின்றிருக்கிறது. இருநூறு மீட்டர்கூடத் தாண்டவில்லை, மறுபடி பஞ்சர். கையில் அந்த ஒரு டியூப்தான். பத்து மணி வெயிலில் நான்கு கிலோமீட்டர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தோம், அவள் தண்ணீரும் தீர்ந்துபோயிருந்தது.

தண்ணீர் ஆளுக்கு மணிக்கு அரை லிட்டராவது, அதற்கு மேல் ஒரு பாட்டில். காலை ஆறு மணிக்கு மண்பாதையில் இருந்தால், எட்டரைக்கெல்லாம் திரும்பத் தொடங்கிவிட வேண்டும், ஏப்ரல், மே மாதங்களில் அதுகூடத் தாமதம். டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரைதான் நல்ல காலம். பெரிய மழை விட்டு இரண்டு நாளாவது போகட்டும், ஈர மண் பிரேக்கில் அப்பிக்கொள்ளும், நாம் உழுதுவிட்டு வருகிற தடத்தில்தான் ஊர்க்காரர்கள் நடக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் டியூப் டயரை மெல்லச் சுழற்றிப் பார்த்து, ஏறியிருக்கிற முள்ளை எல்லாம் பிடுங்கிவிட்டுக் குளிக்கப் போங்கள். ஒன்றை விட்டால்கூட அடுத்த ஞாயிறு காலையில் சைக்கிள் காற்றில்லாமல்தான் நிற்கும்.