தாத்தா படமும் செண்டுமல்லியும்: மெக்சிகோவுக்குப் பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கு

அக்டோபர் கடைசியில் பள்ளியிலிருந்து ஒரு துண்டுச் சீட்டு வரும். இறந்துபோன உறவினர் ஒருவரின் புகைப்படம், அவருக்குப் பிடித்த தின்பண்டம், கொஞ்சம் செண்டுமல்லிப் பூ கொடுத்தனுப்பவும் என்று எழுதியிருக்கும். மெக்சிகோவின் குவாதலஹாரா நகருக்கு வந்த முதல் வருடம் அதைப் படித்துவிட்டு நானும் கணவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். செத்தவர் படத்தை ஆறு வயதுப் பிள்ளை கையில் கொடுத்துப் பள்ளிக்கு அனுப்புவதா? தயங்கித் தயங்கி மாமியாரிடம் போனில் சொன்னேன். அவர் அசரவில்லை. "படையல்தானே? மாமாவுக்குக் காப்பி இல்லாமல் வைத்துவிடாதே" என்றார்.

வீடு பிடிப்பது, அடையாள எண் வாங்குவது, வங்கிக் கணக்கு தொடங்குவது எல்லாம் அலுவலகத்திலேயே சொல்லித்தருவார்கள். பிள்ளை பள்ளியிலிருந்து கொண்டுவரும் பண்டிகைகளை வீட்டில் எப்படிப் பேசுவது என்று யாரும் சொல்லித்தருவதில்லை. இங்கே செப்டம்பர் 15 இரவு சுதந்திர முழக்கத்தில் தொடங்கினால் பிப்ரவரி வரை ஒன்று மாற்றி ஒன்று வந்துகொண்டே இருக்கும்.

என் கருத்து ஒன்றுதான்: நடுவில் ஆங்கிலத்தை உட்கார வைக்காதீர்கள். கடையில் இருமொழிக் கதைப்புத்தகம் கேட்டால் ஸ்பானிஷும் ஆங்கிலமும்தான் கிடைக்கும். வாங்கலாம், தப்பில்லை. ஆனால் பிள்ளை ஸ்பானிஷ் பக்கத்தைப் படிக்க, நாம் ஆங்கிலப் பக்கத்தைப் படிக்க, கொஞ்ச நாளில் வீட்டில் தமிழ் சாப்பாட்டுக்கும் திட்டுக்கும் மட்டும் என்று ஆகிவிடும். எங்கள் வீட்டில் அப்படித்தான் ஆகத் தொடங்கியது.

அதற்குப் பிறகு ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கினோம். இடப்பக்கம் மகளுக்கு: பள்ளியில் கேட்டதை ஸ்பானிஷில் எழுத வேண்டும், படமும் வரையலாம். வலப்பக்கம் எனக்கு, தமிழில். மொழிபெயர்ப்பு கூடாது என்பது விதி. அதே விஷயத்தை அவரவர் வழியில் சொல்ல வேண்டும்.

முதல் கதை நவம்பர் 1, 2 தேதிகளில் வரும் தியா தே முவெர்த்தோஸ், அதாவது இறந்தோர் நாள். இதை ஹாலோவீனின் மெக்சிகோ வடிவம் என்று பிள்ளையிடம் சொல்லிவிடாதீர்கள். பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் சொல்லவே சொல்லாதீர்கள். 2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்ற மரபு இது. முதல் நாள் இறந்த குழந்தைகளுக்கு, மறுநாள் பெரியவர்களுக்கு. வீட்டில் ஒஃப்ரெண்டா வைப்பார்கள். அதற்கு 'படையல்' என்ற சொல் அப்படியே பொருந்தும். பிள்ளைக்கு வேறு விளக்கம் தேவையில்லை. மெழுகுவர்த்தி, உப்பு, வெட்டுக்காகிதத் தோரணம், சர்க்கரை மண்டையோடு, சாம்பிராணி போல மணக்கும் கோப்பால் புகை, பான் தே முவெர்த்தோ என்ற ரொட்டி. பூ மட்டும் நம் செண்டுமல்லியேதான், இங்கே பெயர் செம்பசூச்சில். அதன் பூர்வீகமே மெக்சிகோ என்று தெரிந்தபோது எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

மகள் இடப்பக்கத்தில் எழுதியிருந்தாள்: "தண்ணீர் வைக்க வேண்டும், ஏனென்றால் தூரத்திலிருந்து தாகத்தோடு வருவார்கள்." பிறகு என்னிடம் கேட்டாள்: "தாத்தா மெக்சிகோவுக்கு வந்ததே இல்லையே, வழி எப்படித் தெரியும்?" பூவிதழைப் பாதையாகத் தூவுவது அதற்குத்தான் என்றேன். மறுநாள் பள்ளியில் அதற்கும் மேலாக ஒரு பதில் கிடைத்துவிட்டது: ரோமமில்லாத ஷோலோ நாய் வழிகாட்டிக் கூட்டிவருமாம். "தாத்தாவுக்கு நாய் என்றால் பயமாயிற்றே!" என்று அழாத குறை. அன்று வலப்பக்கத்தில் நான் எழுதியது, தாத்தா தெருநாய்க்குப் பயந்து சைக்கிளோடு வாய்க்காலில் விழுந்த கதை. அவர் இறக்கும்போது அவளுக்கு இரண்டு வயது. அவரைப் பற்றி நான் அவளிடம் சொன்ன முதல் கதை அதுதான்.

எங்கள் படையல் இவ்வளவுதான்: ஒரு டம்ளர் காப்பி, இரண்டு முறுக்கு, படம். குழுப்படம் கொடுக்காதீர்கள், உயிரோடு இருப்பவர் அதில் இருந்தால் இங்கேயும் முகம் சுளிப்பார்கள்.

டிசம்பர் 16 முதல் 24 வரை ஒன்பது இரவு போசாதாஸ். மரியாளும் யோசேப்பும் தங்க இடம் கேட்டு அலைந்ததை நடித்துக் காட்டுவது: ஒரு கூட்டம் வாசலில் நின்று பாடும், உள்ளே இருப்பவர்கள் மறுத்துப் பாடுவார்கள், கடைசியில் கதவு திறக்கும். பிறகு பின்யாத்தா, அதாவது இனிப்பு நிரப்பித் தொங்கவிடும் நட்சத்திரப் பொம்மை. கண்ணைக் கட்டிக்கொண்டு அடிப்பதைப் பார்த்ததும் "உறியடி" என்று கத்திவிட்டேன். பழைய முறையில் உள்ளே மண்பானையே இருக்கும். ஏழு முனை நட்சத்திரம் ஏழு பெரும் பாவங்கள், அடிப்பவர் கண் கட்டியிருப்பது நம்பிக்கை என்பது பாதிரியார்கள் சொன்ன பொருள். உறியடி கண்ணன் வெண்ணெய் திருடியதன் நினைவு. கோல் ஒன்று, கதை வேறு என்று இரண்டு பக்கத்திலும் எழுதுங்கள். இரண்டையும் ஒன்றாக்க வேண்டாம். பெரியவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: பொஞ்சே என்ற சூடான பழச்சாறு தரும்போது "பிகேதே இல்லாமல்" என்று கேளுங்கள். பிகேதே என்றால் அதில் ஊற்றும் ரம் போன்ற மது.

எழுத்துக் கற்றுக்கொடுப்பதிலும் தமிழ் கைகொடுக்கும். தலையில் நெளிகோடு போட்ட அந்த ஸ்பானிஷ் எழுத்துக்கு நம் ஞகரம் இருக்கிறது. 'பெரோ' என்றால் ஆனால், 'பெறோ' என்று றகரமாக உருட்டினால் நாய். ரகர றகரப் பாடம் இனி சலிக்காது.

பரிசு விஷயத்தில் முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள். சில வீடுகளில் டிசம்பர் 24 இரவு குழந்தை இயேசு கொண்டுவருவார், சில வீடுகளில் ஜனவரி 6 அன்று மூன்று ராஜாக்கள், சில வீடுகளில் இரண்டும். வகுப்பில் நம் பிள்ளை மட்டும் வெறுங்கையோடு நிற்கக் கூடாது. புத்தகம்தான் பரிசு என்றால் 1987 முதல் இங்கே நடக்கும் பன்னாட்டுப் புத்தகக் காட்சிக்குப் போங்கள். நவம்பர் கடைசியில் தொடங்கி ஒன்பது நாள். பிள்ளைகளுக்குத் தனிப் பகுதி உண்டு. 2019-இல் இந்தியாதான் சிறப்பு விருந்தினர்.

ஜனவரி 6 அன்று ரொஸ்கா என்ற வளைய ரொட்டியை வெட்டுவார்கள். உள்ளே குட்டிக் குழந்தைப் பொம்மை மறைந்திருக்கும். அது யார் துண்டில் வருகிறதோ அவர் பிப்ரவரி 2, கண்டெலாரியா பண்டிகை அன்று எல்லோருக்கும் தமாலெஸ் தர வேண்டும்; சோள மாவை மட்டையில் சுற்றி ஆவியில் வேகவைத்த பண்டம் அது. போன வருடம் என் அலுவலகத்தில் என் துண்டில் வந்தது. சைவம் சாப்பிடுகிறவர்கள் கவனிக்க: தமாலெஸ் மாவில் பெரும்பாலும் மந்தேகா, அதாவது பன்றிக் கொழுப்பு, சேர்ப்பார்கள், இனிப்பு வகையும் விலக்கல்ல. நான் இரவு உட்கார்ந்து நாற்பது பூரணக் கொழுக்கட்டை பிடித்து, சோள மட்டையில் சுற்றி ஆவியில் வேகவைத்து எடுத்துப்போனேன். மகள் மேலே ஒரு அட்டை எழுதி ஒட்டியிருந்தாள், ஸ்பானிஷிலும் தமிழிலும்: "தமிழ் தமாலெஸ்." பதினோரு மணிக்குப் பாத்திரம் காலி.