ஏஜென்ட்டுக்கு ஃபைல் தேடும் கருவி: விவரிப்பு எழுதுவது எப்படி?

திருப்பூரில் நான் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியில், சர்வரில் கிடக்கும் ஃபைல்களைத் தேடித் தர ஒரு ஏஐ ஏஜென்ட் வைத்தோம். முதல் வாரமே மெர்ச்சண்டைசர் அக்கா வந்து, "ஏனுங் தம்பி, நேத்துத்தான் பேக்கிங் லிஸ்ட் போட்டு வச்சனுங்க. அப்படி ஒண்ணு இல்லவே இல்லைங்குதே?" என்றார். ஃபைல் அங்கேதான் இருந்தது. ஏஜென்ட் அழைத்து ஓட்டும் தேடல் நிரலிலும் (இதைத்தான் கருவி என்கிறோம்) பிழை இல்லை. தவறு, நான் கருவிக்கு எழுதிய ஒற்றை வரி விவரிப்பில் இருந்தது: "ஃபைல்களைத் தேடும்."

நம் நிரலை ஏஜென்ட் பார்ப்பதே இல்லை. கருவியின் பெயர், விவரிப்பு, என்னென்ன உள்ளீடு தர வேண்டும் என்ற பட்டியல், இவ்வளவுதான் அதன் கண்ணில் படும். 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட எம்சிபி (ஏஐயைக் கருவிகளோடு இணைக்கும் பொது விதிமுறை) நெறிமுறையிலும் இதே ஏற்பாடுதான். பைத்தானில் ஃபாஸ்ட்எம்சிபி என்ற நிரல் தொகுப்பைக் கொண்டு எழுதினால், செயற்கூற்றின் (ஃபங்ஷன்) தொடக்கத்தில் மூன்று மேற்கோள் குறிகளுக்குள் எழுதும் விளக்கமே விவரிப்பாகப் போய்விடும். அதை நிரலாளருக்கான குறிப்பு என்று நினைத்து ஏனோதானோவென்று எழுதிவிடாதீர்கள்.

படி 1: பெயர். "தேடு" என்றால் எதை? "பெயரால்_ஃபைல்_தேடு" என்று வையுங்கள். அவ்வளவு போதும்.

படி 2: எது செய்யும், எது செய்யாது. பெயரைத் தேடுவதும் ஃபைலுக்குள் எழுதியிருப்பதைத் தேடுவதும் வேறு வேறு. இதைச் சொல்லாவிட்டால், "180 ஜிஎஸ்எம் துணி எந்த ஆர்டரில் வந்தது?" என்று கேட்டாலும் ஏஜென்ட் ஃபைல் பெயர்களிலேயே துழாவிக்கொண்டிருக்கும்.

படி 3: உள்ளீட்டின் வடிவம். எங்களைக் கவிழ்த்தது இதுதான். ஏஜென்ட் வெறுமனே "பேக்கிங்" என்று அனுப்பியிருந்தது. எங்கள் கருவியோ "**/*பேக்கிங்*" என்ற தேடல் அமைப்பை எதிர்பார்த்தது. ஒற்றை நட்சத்திரம் ஒரு போல்டருக்குள் எத்தனை எழுத்துக்கும் பொருந்தும். இரட்டை நட்சத்திரம் உள்போல்டர்கள் எல்லாவற்றுக்குள்ளும் இறங்கும். இதை விளக்கமாகச் சொல்வதைவிட இரண்டு மாதிரிகள் காட்டுவது நன்றாக வேலை செய்கிறது. லினக்ஸ் சர்வர் என்றால், ஆங்கிலப் பெயர்களில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறாகக் கணக்காகும். அதையும் ஒரு வரி சேருங்கள்.

படி 4: விடைக்கு என்ன அர்த்தம். வெற்றுப் பட்டியல் வந்தால் "ஃபைல் இல்லை" என்று ஏஜென்ட் முடிவு கட்டிவிடும். "இந்த அமைப்புக்கு எதுவும் பொருந்தவில்லை" என்பதுதான் அதன் பொருள். 100 பெயர்களோடு நிறுத்திக்கொள்ளும் கருவி என்றால் அதையும் சொல்லுங்கள்.

இப்போது எங்கள் விவரிப்பு இப்படி இருக்கிறது:

"ஆவணங்கள் போல்டரில் ஃபைல்களைப் பெயரால் தேடும். ஃபைலுக்குள் இருக்கும் எழுத்தைத் தேடாது. அதற்கு உள்ளடக்கம்_தேடு கருவியை அழை. மாதிரி: **/*பேக்கிங்*, இன்வாய்ஸ்/*4521*. புதிய ஃபைல் முதலில் வரும்; அதிகபட்சம் 100. எதுவும் வராவிட்டால் சிறிய சொல்லால் இன்னொரு முறை தேடிவிட்டுப் பதில் சொல்."

படி 5: தமிழ்ப் பெயர்கள். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். "கொள்முதல்" என்ற பெயரில் உள்ள "கொ"வை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றாக, அல்லது கொம்பும் காலும் தனித்தனியாக. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், ஒப்பிட்டால் பொருந்தாது. விவரிப்பு எழுதி இதைத் தீர்க்க முடியாது. தேடும் சொல், ஃபைல் பெயர் இரண்டையும் நிரலிலேயே என்எஃப்சி (குறிகளை ஒன்றாகச் சேர்த்து எழுதும் யூனிகோடு முறை) வடிவத்துக்கு மாற்றிவிட்டு ஒப்பிடுங்கள். தேடல் அமைப்பில் வரும் கேள்விக்குறி (?) "ஒரு எழுத்துக்குப் பொருந்தும்" என்றும் விவரிப்பில் எழுதாதீர்கள். நமக்கு ஓரெழுத்தான "கொ" பைத்தானுக்கு இரண்டு குறிகள்.

படி 6: சோதனை. ஆபீஸில் இருப்பவர்கள் கேட்கும் விதமாகவே பத்துக் கேள்விகள் கேளுங்கள். "போன மாசம் போன ஷிப்மென்ட் இன்வாய்ஸ் எடு" என்பதுபோல. ஏஜென்ட் சொன்ன பதிலைப் பார்ப்பதைவிட, கருவிக்கு அது என்ன அனுப்பியது என்பதை லாகில் (அழைப்புகள் பதிவாகும் இடத்தில்) பாருங்கள். எந்த இடத்தில் தவறான அமைப்பை அனுப்பியிருக்கிறதோ, விவரிப்பில் அதற்குரிய வரியைத் திருத்திவிட்டு அதே பத்தையும் மறுபடி கேளுங்கள். புதிதாக இன்னொரு கருவி சேர்க்கும் நாளிலும் இந்தப் பத்தையும் ஓட்டிவிடுங்கள்.