பைத்தான் ப்ராஜெக்ட்டில் பாதையும் இம்போர்ட்டும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தஞ்சாவூர், மன்னார்குடி, மயிலாடுதுறை பக்கத்துக் கல்லூரி மாணவர்கள் எழுதும் பைத்தான் ப்ராஜெக்ட்களை அடிக்கடி பார்த்துக் கொடுக்கிறேன். மேட்டூர் நீர்மட்டம், கொள்முதல் நிலையத்துக்கு வரும் நெல், குறுவைப் பரப்பு என்று நம் ஊர் விஷயத்தையே எடுத்துச் செய்கிறார்கள். பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் வருடா வருடம் இடறுவது ஒரே இடத்தில்: ஃபைல் இருப்பது ஓரிடம், பைத்தான் தேடுவது வேறிடம். எழுத்துப்பிழை, இன்டென்டேஷன் எல்லாம் இங்கே வேண்டாம். அவற்றை பைத்தானே காட்டிவிடும்.

ஸ்கிரிப்ட்டுக்குப் பக்கத்தில் தேடும் என்று நம்புவது

ஓபன்('மட்டம்.சிஎஸ்வி') என்று எழுதினால், டெர்மினலில் நீங்கள் எந்த ஃபோல்டரில் நிற்கிறீர்களோ அங்கேதான் பைத்தான் தேடும். ஸ்கிரிப்ட் எங்கே இருக்கிறது என்பது கணக்கில் வராது. தினமும் காலையில் தானாக ஓடட்டும் என்று கிரானில் (குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் லினக்ஸ் கருவி) போட்டால், அது ஹோம் ஃபோல்டரிலிருந்து ஓட்டும். படிக்கும்போதாவது பிழை வரும். எழுதும்போது அதுகூட வராது. ஹோமில் புதிதாக ஒரு ஃபைல் சத்தமில்லாமல் உருவாகும், பழைய ஃபைல் அப்படியே கிடக்கும்.

3.4 பதிப்பிலிருந்து பாத்லிப் என்ற, ஃபைல் பாதைகளைக் கையாளும் நூலகம் பைத்தானோடு சேர்ந்தே வருகிறது. __ஃபைல்__ என்பது அந்த ஸ்கிரிப்ட்டின் பாதை. பாத்(__ஃபைல்__).ரிசால்வ்().பேரன்ட் என்று தொடங்கி, ரூட் (ப்ராஜெக்ட்டின் மேல்மட்ட ஃபோல்டர்) வரை எத்தனை படி ஏற வேண்டுமோ அத்தனை பேரன்ட் போடுங்கள். இதை ஒரே ஒரு ஃபைலில் எழுதி, மற்ற இடங்களில் இம்போர்ட் செய்தால் போதும். ஜூபிட்டர் நோட்புக்கில் மட்டும் __ஃபைல்__ கிடையாது.

சிஸ்.பாத்தில் ஒட்டுப்போடுவது

இம்போர்ட் செய்யும்போது பைத்தான் தேடும் ஃபோல்டர்களின் பட்டியல்தான் சிஸ்.பாத். இம்போர்ட் ஆகவில்லை என்றதும், எங்கிருந்தோ எடுத்த சிஸ்.பாத்.அப்பெண்ட்('..') என்ற வரியை எல்லா ஃபைலின் தலையிலும் ஒட்டிவிடுகிறார்கள். இன்றும் இதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. அந்த இரண்டு புள்ளியும் ஃபைலுக்கு மேலே உள்ள ஃபோல்டரைக் குறிக்கவில்லை; நீங்கள் நிற்கும் ஃபோல்டருக்கு மேலே உள்ளதைக் குறிக்கிறது. வேறிடத்தில் நின்று ஓட்டினால் அதுவும் போச்சு.

அதைவிட மோசமானது ஒன்று உண்டு. ஒரு குழு, மேட்டூர் 120 அடியை நெருங்கும்போது எச்சரிக்கை அனுப்பும் ப்ராஜெக்ட் செய்தது. ரூட், அதற்குள் இருக்கும் பாசனம் பேக்கேஜ் (பைத்தான் ஃபைல்கள் அடங்கிய ஃபோல்டர்) இரண்டையுமே சிஸ்.பாத்தில் சேர்த்திருந்தார்கள். ஒரு ஃபைல் பாசனம்.அமைப்பு என்று இம்போர்ட் செய்தது, இன்னொன்று வெறும் அமைப்பு என்று. பைத்தான் மாட்யூலை, அதாவது இம்போர்ட் ஆன ஃபைலை, பெயரை வைத்துத்தான் நினைவில் வைக்கும். பெயர் இரண்டு என்றால் மாட்யூலும் இரண்டு. ஓடும்போது எச்சரிக்கை மட்டத்தை 110 அடியிலிருந்து 115-க்கு மாற்றினார்கள். வரைபடம் 115-இல் கோடு போட்டது, எச்சரிக்கை 110-லேயே போனது. பிழைச்செய்தி ஒன்றுகூட இல்லை. கணக்கில்தான் தப்பு என்று ராத்திரி முழுக்கத் தேடியிருக்கிறார்கள். இதே காரணத்தால் ஒரே கிளாஸ் இரண்டாகி, எக்செப்ட் பிடிக்க வேண்டிய பிழையைப் பிடிக்காமல் விடுவதும் நடக்கும். ஆளாளுக்குக் கரையை வெட்டித் தண்ணீரைத் திருப்பினால் கடைமடை என்ன ஆகும் என்று டெல்டாக்காரர்களுக்குத் தெரியும், இதுவும் அப்படித்தான்.

சரி, என்ன செய்வது? ரூட்டில் பைப்ராஜெக்ட்.டாமல் என்ற அமைப்பு ஃபைல் ஒன்று வையுங்கள், உள்ளே பெயரும் பதிப்பும் போதும். பேக்கேஜை எஸ்ஆர்சி ஃபோல்டருக்குள் தள்ளுங்கள். அப்புறம் விர்ச்சுவல் என்விரான்மென்டில் (இந்த ப்ராஜெக்ட்டுக்கென்று தனியாக வைக்கும் பைத்தான் சூழல்) ஒரு தடவை பிப் இன்ஸ்டால் -ஈ . என்று, கடைசிப் புள்ளியையும் சேர்த்து, ஓட்டுங்கள். எங்கே நின்று ஓட்டினாலும் பாசனம் இம்போர்ட் ஆகும். கோடைத் திருத்தினால் மறுபடி இன்ஸ்டால் செய்யவும் வேண்டாம். இவ்வளவு சுலபமான வேலையை விட்டுவிட்டு ஏன் ஒட்டுப்போடுகிறார்கள் என்பதுதான் என் ஆதங்கம்.

பேக்கேஜுக்குள் இருக்கும் ஃபைலை நேரே ஓட்டுவது

உள்ளே புள்ளியில் தொடங்கும் இம்போர்ட் இருந்தால், பேரன்ட் பேக்கேஜ் தெரியவில்லை என்று நின்றுவிடும். பைத்தான் -எம் பாசனம்.அறிக்கை என்று ஓட்டுங்கள். கடைசியில் .பிஒய் சேர்க்கக் கூடாது.

ரேண்டம்.பிஒய், சிஎஸ்வி.பிஒய் என்று பெயர் வைப்பது

வேண்டவே வேண்டாம். ஸ்கிரிப்ட் இருக்கும் ஃபோல்டரைத்தான் பைத்தான் முதலில் பார்க்கும், தன் சொந்த நூலகத்தை அப்புறம்தான். அதனால் நூலகத்துக்குப் பதில் உங்கள் ஃபைலே இம்போர்ட் ஆகிவிடும்.

சி டிரைவிலிருந்து முழுப் பாதையை எழுதுவது

அடுத்தவர் லேப்டாப்பில் உங்கள் பெயரில் ஃபோல்டர் இருக்காது.

__இனிட்__.பிஒய் எதற்கு என்று விட்டுவிடுவது

ஒரு ஃபோல்டரைப் பேக்கேஜ் என்று காட்டும் ஃபைல் இது. 3.3 பதிப்பிலிருந்து அது இல்லாமலும் இம்போர்ட் ஆகும், உண்மைதான். ஆனால் பைத்தானின் சோதனைக் கருவியான யூனிட்டெஸ்ட் தானாக டெஸ்ட்களைத் தேடும்போது அது இல்லாத உள்ஃபோல்டரைத் தாண்டிப் போய்விடும். காலி ஃபைலாகவாவது வையுங்கள்.