ஸ்போக்ஸ் கம்பி மாற்றும்போது எங்கே தவறுகிறோம்?

சைக்கிளில் ஸ்போக்ஸ் கம்பி உடைந்தால் அது பெரும்பாலும் பின் சக்கரத்தில்தான் இருக்கும். அதிலும் ஃப்ரீவீல் (செயின் ஓடுகிற பின்பக்கப் பல்சக்கரம்) பக்கத்துக் கம்பிதான் அதிகம் போகும். ஆள் பாரம், கேரியர் பாரம், மிதிக்கிற விசை எல்லாம் சேர்வது அங்கேதான். பழைய 28 இன்ச் சைக்கிளில் முன்னால் 32 கம்பியும் பின்னால் 40 கம்பியும் வைத்தது சும்மா இல்லை.

ஒன்று உடைந்தால் என்ன, மீதி 39 இருக்கிறதே என்று ஓட்டிக்கொண்டே இருப்பதுதான் முதல் தவறு. வீடு வந்து சேரும்வரை ஓட்டலாம். உடைந்த துண்டைப் பக்கத்துக் கம்பியில் சுற்றிவிட்டு, பிரேக் உரசினால் கொஞ்சம் தளர்த்திக்கொண்டு மெதுவாகப் போகலாம். ஆனால் வாரக்கணக்கில் அப்படியே ஓட்டினால் ரிம் எதிர்ப் பக்கம் சாய்ந்து சக்கரம் ஆடத் தொடங்கும். போன கம்பியின் வேலையும் அக்கம்பக்கத்துக் கம்பிகள் தலையில் விழும். அடுத்து உடைவது அவைதான்.

புதுக் கம்பி வாங்கப் போகும் முன் பழையது எந்த இடத்தில் உடைந்திருக்கிறது என்று பாருங்கள். பலரும் இதைப் பார்ப்பதே இல்லை. நடுவில் உடைந்திருந்தால் செயின் கழன்று உள்ளே விழுந்து அறுத்திருக்கும், அல்லது கல்லோ குச்சியோ அடித்திருக்கும். சக்கரத்தின் நடுவில் இருக்கிற ஹப்புக்குள் நுழைகிற வளைவில் உடைந்திருந்தால் அது வேறு கதை. சக்கரம் உருளும்போது, தரைக்கு நேராக வருகிற கம்பியில் இழுவை குறையும், மேலே போனதும் பழையபடி ஏறும். ஒவ்வொரு சுற்றிலும் இதே கதைதான். கம்பி போதிய டைட்டில் இருந்தால் இதைத் தாங்கும். தொய்ந்திருந்தால் அந்த வளைவு ஒவ்வொரு சுற்றிலும் அசைந்து அசைந்து ஒருநாள் விட்டுப்போகும். ‘ரொம்ப டைட் வைத்ததால்தான் உடைந்தது’ என்று சொல்லி மற்ற கம்பிகளையும் தளர்த்துகிறவர்கள் உண்டு. நடப்பது பெரும்பாலும் அதற்கு நேர்மாறு.

அதனால் உடைந்த இடத்தில் ஒரு கம்பியைச் செருகினால் வேலை முடிந்துவிடாது. அந்தச் சக்கரத்தின் இழுவையைச் சரிசெய்யத்தான் உட்கார்ந்திருக்கிறோம்.

கடைக்குப் போகும்போது பழைய கம்பியின் இரண்டு துண்டுகளையும் எடுத்துப் போங்கள். நீளத்தை வளைவின் உள்பக்கத்திலிருந்து மரை முடிகிற நுனிவரை அளக்க வேண்டும். கியர் சைக்கிளின் பின் சக்கரத்தில் வலப்பக்கக் கம்பி இடப்பக்கத்தைவிடக் கொஞ்சம் குட்டையாக இருக்கும், எனவே எந்தப் பக்கம் என்றும் சொல்லுங்கள். தடிமனில் நம்பர் குறையக் குறையக் கம்பி தடிக்கும்: 14 கேஜ் 2 மி.மீ., 13 கேஜ் 2.3, 12 கேஜ் 2.6. ரிம் பக்கம் கம்பியின் நுனியைப் பிடித்து இறுக்குகிற நிப்பிளும் அதே கேஜில் புதிதாக வாங்குங்கள். ‘நீளமா இருந்தா ராவிக்கலாம் சார்’ என்று கடைக்காரர் தருவதை வாங்காதீர்கள். ரிம்முக்கு மேலே நீட்டுவதை ராவலாம்தான், ஆனால் கம்பி டைட் ஆகும் முன்பே மரை தீர்ந்துபோனால் என்ன செய்வது? குட்டையானது இன்னும் மோசம், நிப்பிளை நாலு மரைதான் பிடித்திருக்கும். நிப்பிளின் தலையில் ஸ்க்ரூடிரைவர் வைக்கிற வெட்டு இருக்கிறதே, கம்பியின் நுனி அதுவரை வந்தால் அளவு சரி.

ஃப்ரீவீல் பக்கம் உடைந்தால் ஃப்ரீவீலைக் கழற்றியே ஆக வேண்டும். கழற்றச் சோம்பல்பட்டு, புதுக் கம்பியை வளைத்து நெளித்து இடுக்கு வழியாக நுழைக்கிறவர்களைப் பார்க்கலாம். அந்த நெளிவு முழுக்க நிமிராது, பாரம் ஏறியதும் கம்பி தொய்யும். ஃப்ரீவீலைக் கழற்ற அதற்கான டூல் வேண்டும். உளியும் சுத்தியலும் வைத்துத் தட்டினால் ஃப்ரீவீல் வாய் திறந்து உள்ளே இருக்கிற பொடிப் பால்ஸ் எல்லாம் தரையில் ஓடும். டூல் இல்லையென்றால் இந்த ஒரு வேலைக்கு மட்டும் கடையில் கொடுத்துவிடுங்கள்.

கோர்க்கும்போது குழப்பம் வருவது இயல்பு. ஹப்பில் ஒரு கம்பியின் தலை வெளியே தெரியும், அடுத்ததன் தலை உள்ளே இருக்கும். புதியது எப்படிப் போக வேண்டும் என்று தெரியாவிட்டால் ரிம்மில் நாலு துளை தள்ளி இருக்கிற கம்பியைப் பாருங்கள். வழக்கமான பின்னலில் அதே பக்கம், அதே சாய்வு, அதே தலை. அது எந்தக் கம்பிக்கு மேலே போகிறது, எதற்குக் கீழே போகிறது என்பதை அப்படியே காப்பி அடித்தால் போதும். ரிம்முக்கு அருகில் இருக்கிற கடைசிக் குறுக்கில் மாற்றிப் போடுவதுதான் அடிக்கடி நடக்கிற பிழை.

பிறகு பெண்டு எடுப்பது, அதாவது ரிம்மின் ஆட்டத்தைச் சரிசெய்வது. காற்றை இறக்காமல் நிப்பிளைத் திருகாதீர்கள். டயரையே கழற்றிவிட்டால் இன்னும் நல்லது. கட்டிங் பிளேயரால் நிப்பிளைப் பிடித்தால் அதன் நாலு முனையும் உருண்டுபோகும், அப்புறம் எந்தச் சாவியும் பிடிக்காது. சரியான வாயுள்ள நிப்பிள் சாவி ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். டயர் பக்கத்திலிருந்து பார்த்தால் வலஞ்சுழியாகத் திருகினால் டைட். ஹப் பக்கத்திலிருந்து பார்க்கும்போது அது இடஞ்சுழியாகத் தெரியும், இங்கேதான் கை தடுமாறும். ஒரு தடவைக்குக் கால் சுற்று, அதற்கு மேல் வேண்டாம். ரிம் இடப்பக்கம் போனால் அந்த இடத்தில் வலப்பக்கக் கம்பியை இறுக்கி, இடப்பக்கத்தைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்தால் எங்கே ஆடுகிறது என்று தெரிந்துவிடும்.

கம்பி உடைந்த அன்று ஆட்டத்தைக் குறைக்கப் பக்கத்துக் கம்பிகளை யாராவது திருகியிருந்தால், புதியதை இறுக்கும் முன் அவற்றைப் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள். இல்லாவிட்டால் ரிம் மறுபக்கம் இழுக்கும், நீங்கள் சுற்றிச் சுற்றித் துரத்திக்கொண்டிருப்பீர்கள்.

ஒவ்வொரு கம்பியையும் விரலால் சுண்டிப் பார்ப்பது பழைய மெக்கானிக்குகளின் வழக்கம், இன்றும் அதைவிடச் சுலபமான சோதனை இல்லை. ஒரே பக்கத்துக் கம்பிகள் ஏறக்குறைய ஒரே சுருதியில் ஒலிக்க வேண்டும். ஒன்று கிண்ணென்றும் அடுத்தது மொத்தென்றும் இருந்து, ரிம் மட்டும் நேராக ஓடினால் ரிம்மே வளைந்திருக்கிறது என்று அர்த்தம். கம்பியால் அதைச் சரிசெய்ய முடியாது.

டைட் வைத்ததும் இணையாக ஓடும் கம்பிகளை இரண்டிரண்டாகக் கையால் அழுத்திப் பிழியுங்கள். முறுக்கிக்கொண்டு நிற்கிற கம்பி டக்கென்று சத்தம் போட்டு விடுபடும். பிறகு திரும்பவும் ஒருமுறை ஆட்டம் பார்க்க வேண்டும். நிப்பிளுக்கு வெளியே நுனி நீட்டினால் ராவிவிட்டு, நிப்பிள் தலைகளை மூடுகிற ரிம் டேப்பை ஒழுங்காகப் போடுங்கள். மறந்தால் மறுநாளே பஞ்சர்.

வளைவில் உடைந்து, அடுத்தடுத்து மூன்று கம்பி போய்விட்டதா? ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருப்பது வீண் செலவு. மிச்சமுள்ளவையும் அதே வயசு, அதே பாரம் சுமந்தவை. முழு செட்டையும் மாற்றிப் புதிதாகக் கோர்க்கச் சொல்லுங்கள். ரிம்மும் ஹப்பும் நல்ல நிலையில் இருந்தால் அவற்றை மாற்றத் தேவையில்லை.

மாற்றிய அன்றே கேரியரில் சிலிண்டரோ தண்ணீர்க் குடமோ கட்ட வேண்டாம். சில கிலோமீட்டர் வெறுமனே ஓட்டிவிட்டுப் புதுக் கம்பியை ஒருமுறை சுண்டுங்கள். சத்தம் இறங்கியிருந்தால் இன்னொரு கால் சுற்று.