தரங்கம்பாடியை நடந்தே பார்ப்பது எப்படி? முதல்முறை போகிறவர்களுக்கு

தரங்கம்பாடிக்குப் போகிற பலர் கோட்டைக்குப் பக்கத்தில் காரை நிறுத்தி, நாலு படம் எடுத்துவிட்டு, அரை மணி நேரத்தில் திருக்கடையூருக்கோ காரைக்காலுக்கோ கிளம்பிவிடுகிறார்கள். முதல்முறை நானும் அப்படித்தான் போய் வந்தேன். ஊரைப் பார்க்கவே இல்லை என்பது வீடு திரும்பிய பிறகுதான் உறைத்தது. அடுத்த முறை பஸ்ஸில் போய், விடிகாலை முதல் பொழுது சாயும்வரை நடந்தேன். அந்த வரிசையைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

முதல் படி: நாளைக் குறிப்பது

தை, மாசி மாதங்கள் நல்லது. ஐப்பசி, கார்த்திகையில் மழை விடாது. சித்திரை வெயிலில் மணலில் கால் வைக்க முடியாது. கோட்டை அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, அந்த நாளைத் தவிர்த்துவிடுங்கள். முந்தைய இரவே மயிலாடுதுறையிலோ காரைக்காலிலோ தங்கிவிட்டால் விடியும்போது ஊருக்குள் இருக்கலாம். மயிலாடுதுறை சுமார் 30 கிலோமீட்டர்; ரயிலில் வருகிறவர்களுக்கு அதுதான் வசதி. காரைக்கால் அதில் பாதி தூரம்தான். தண்ணீர், தொப்பி, மணலில் நடக்கத் தோதான செருப்பு, இவ்வளவு போதும்.

இரண்டாம் படி: வாசல் வழியாக நுழைவது

இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். பஸ்ஸை விட்டு இறங்கிக் கடல் பக்கமாக நடந்தால் வெள்ளையடித்த ஒரு பெரிய வளைவு வரும். ஒரு காலத்தில் ஊரைச் சுற்றி மதில் இருந்தது. தரை வழியாக வருகிறவர்களுக்கான நகரவாசல் இது. இப்போது நிற்பது 1792-இல் கட்டியது. இதைத் தாண்டியதும் ராஜ வீதி நேராகக் கடலுக்குப் போகிறது. அகலமான தெரு, இரண்டு பக்கமும் தூண் வைத்த பழைய வீடுகள், எதிரே வெளிச்சம். டென்மார்க்கிலிருந்து வந்த டேனிஷ்காரர்கள் இந்த ஊரை எப்படிக் கோடு போட்டு அமைத்தார்கள் என்பது இங்கே நடந்தால்தான் புரியும். காரில் போனால் இரண்டே நிமிடத்தில் கடந்துவிடும்.

மூன்றாம் படி: முதலில் கடலும் கோயிலும்

வழியில் எங்கும் நிற்காமல் சூரியன் எழுவதற்குள் கரைக்குப் போய்விடுங்கள். கரையிலேயே, கோட்டைக்கு வடக்கே மாசிலாமணிநாதர் கோயில். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306-இல் எழுந்தது. அன்றைக்கு ஊரின் பெயர் சடங்கன்பாடி. கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. இப்போது கருங்கற்களைக் கொட்டி அலையைத் தடுத்து வைத்திருக்கிறார்கள். அந்தக் கற்களின் மேல் ஏறாதீர்கள், பாசி வழுக்கும். கடலில் குளிக்கவும் இறங்க வேண்டாம், இழுப்பு அதிகம். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமியில் இந்த ஊர் பறிகொடுத்த உயிர்கள் ஏராளம். மீனவர் குடியிருப்பு வழியாகப் போகும்போது, கேட்காமல் யாரையும் படம் எடுக்காதீர்கள்.

அப்புறம் இட்லி, காபி. அவசரப்பட வேண்டாம், கோட்டை திறக்கப் பத்து மணி ஆகும்.

நான்காம் படி: கோட்டை

உள்ளே போகும் முன் கதை கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். மிளகு வாங்கக் கப்பலேறி வந்தவர்கள் டேனிஷ்காரர்கள். 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் செய்துகொண்டு, ஓவ் ஜெடே என்ற தளபதியின் பொறுப்பில் இந்த டான்ஸ்போர்க் கோட்டையைக் கட்டத் தொடங்கினார்கள். 1845-இல் ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்து விலை பன்னிரண்டரை லட்ச ரூபாய்.

கீழ்த்தளத்தில் ஆரம்பியுங்கள். கிடங்கு, சிப்பாய்கள் அறை, சிறை எல்லாம் அங்கேதான். வளைந்த செங்கல் கூரைக்குக் கீழே கொஞ்ச நேரம் சும்மா நில்லுங்கள். உப்புக் காற்றின் சத்தம் வேறு மாதிரி கேட்கும். 1706-இல் வந்திறங்கிய ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்குவை, டேனிஷ் ஆளுநரே நாலு மாதம் இந்தக் கோட்டையில் அடைத்து வைத்திருந்தார். மேல்தளத்தில் ஆளுநர் இருந்த பகுதி. பீங்கான், பழைய பத்திரங்கள் எல்லாம் காட்சிக்கு இருக்கின்றன. கடலைப் பார்த்த பக்கம் போய் நின்றால் கப்பல் வருகிறதா என்று பார்த்திருந்தவர்களின் இடம் எது என்று தெரிந்துவிடும்.

ஐந்தாம் படி: மறுபடியும் ராஜ வீதி

காலையில் நிற்காமல் வந்த தெருவில் இப்போது ஒவ்வொரு வாசலாக நின்று பாருங்கள். 1701-இல் கட்டிய சீயோன் ஆலயம் ஐரோப்பியர்களுக்கு. கூப்பிடு தூரத்தில் 1718-இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயம், சீகன்பால்கு தமிழ்ச் சபைக்காக எழுப்பியது. மறு ஆண்டே, 36 வயதில் அவர் இறந்தார். இந்த ஆலயத்துக்குள்ளேயே அவரை அடக்கம் செய்தார்கள்.

எனக்கு இந்த ஊரில் மிகவும் பிடித்த இடம் அந்தக் கல்லறைதான். திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து, மணலில் விரலால் எழுதித் தமிழ் படித்தவர் அவர். அச்சு இயந்திரமும் ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துகளும் கப்பலில் வந்துசேர்ந்தன. 1715-இல் தமிழில் புதிய ஏற்பாடு முழுமையாக அச்சேறியது இந்த ஊரில்தான். ஆலயம் பூட்டியிருந்தால் பக்கத்தில் கேட்டுப் பாருங்கள். வழிபாட்டு நேரத்தில் மட்டும் உள்ளே சுற்றாதீர்கள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பொறையாறு பக்கந்தான், மூன்று கிலோமீட்டருக்குள். அச்சு வேலைக்கான காகித ஆலையைப் பாதிரிமார் வைத்ததும் அங்கேதான்.

ஆறாம் படி: மாலை

நாலு மணிக்குத் திரும்பி வந்து கோட்டைக்கு முன்னால் உள்ள திடலில் உட்காருங்கள். உள்ளூர்ப் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுவார்கள். மஞ்சள் வெயில் மேற்கிலிருந்து கோட்டைச் சுவரில் விழும் நேரம் அது; படம் எடுக்க வேண்டுமென்றால் அப்போது எடுங்கள். இருட்டுவதற்குள் கிளம்பி, வந்த வாசல் வழியாகவே வெளியே போனால் பஸ் பிடிக்கலாம்.